இரண்டிலிருந்து ஆறு டிகிரி வரை

இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையில்
தனசேகர் அண்ணன் கழற்றித் தந்த பழைய டயர்.
நூற்றெட்டு வண்டியின் முன்பக்க இடது டயர்,
ஏற்காட்டுச் சாலையை என்னைவிட நன்றாக அறிந்தது.
விடிகாலை நாலரைக்கு அடிவாரத்துச் செக்போஸ்டில்
"மறுபடி கிளம்பிட்டியா குணவதி" என்று
கம்பியைத் தூக்கிவிடுகிறார் காவலர்,
டயருக்கும் சேர்த்து.

மார்ச்சில் நார்வேயில்
ஆறு நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில்
முந்நூறு கிலோமீட்டர்.
பின்னால் நிற்பதுதான் வேலை என்று நினைத்திருந்தேன்,
ஆம்புலன்சிலும் நான் பின்னால்தானே.
ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்,
தள்ளாவிட்டால் நாய்கள் திரும்பிப் பார்க்கும்
என்று எழுதியிருந்தார்கள்.
அதனால் டயர்.

வெள்ளைக்குப் பழக
ஆத்தூர் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் களத்தில்
உச்சிவெயிலில் நடந்தேன்.
காயும் மாவு கண்ணைக் குத்தியது.
முதலாளி மாடியிலிருந்து கத்தினார்:
"கிலோமீட்டருக்கு நூறு ரூபா, எழுதிக்கோ.
முதல்ல செருப்பைக் கழட்டு."

குளிருக்குப் பழக
மீன் கிடங்கில், மைனஸ் பதினெட்டில், இருபது நிமிடம்.
இமைமுடி ஒட்டிக்கொண்டது.
வெளியே வந்ததும் சேலத்து வெயில்
வெந்நீரில் பிழிந்த துண்டுபோல் முகத்தில் விழுந்தது.
மூன்று நாள் என்மேல் வஞ்சிர வாசம்.
தெருநாய்களுக்கு என்மேல் அன்பு வந்தது அன்றிலிருந்துதான்.

"போற காசை அப்படியே குடுத்திடலாமே?"
மருந்துக்கடை பரமேசுவரன் கேட்டார்.
எல்லோரும் கேட்டார்கள். இரவில் நானும் கேட்டுக்கொண்டேன்.
டிக்கெட் என் சீட்டுப்பணம்; போதாததற்குக் கம்மல்.
மலைமேல் ஆஸ்பத்திரியில் ரத்தம் வைக்க
ஒரு குளிர்ப்பெட்டி, அவ்வளவுதான்,
என்று திங்கட்கிழமை தோறும் போய்
பதினொரு மனு கொடுத்தேன்.
பதினொன்றுக்கும் ரசீது இருக்கிறது.
நின்று கேட்டபோது யாரும் நிமிரவில்லை.
பனியில் விழப்போகிறேன் என்றதும்
பையைத் திறக்கிறார்கள்.
நான் என்ன செய்ய.

இரண்டிலிருந்து ஆறு டிகிரி வரை
இருக்க வேண்டும் அந்தப் பெட்டிக்குள்.
கூடினால் கெடும். உறைந்தாலும் கெடும்.
மைனஸ் முப்பதுவரை போய்
இந்த நாலு டிகிரியை வாங்கி வர வேண்டும்.

பதினோராம் வளைவு.

பெயர் சொல்ல மாட்டேன், அவள் கணவன் கேட்டுக்கொண்டான்.
குழந்தை மேலேயே பிறந்து, அழுதும்விட்டது.
ரத்தம்தான் நிற்கவில்லை.
இருபதிலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினோம்,
தனசேகர் அண்ணன் உரக்க, நான் மனதுக்குள்.
கண்ணாடிக்கு வெளியே சேலம் முழுக்க விளக்கு.
அதில் ஏதோ ஒரு விளக்கின் கீழ்
அவள் வகை ரத்தம் இருந்தது.
பதினொன்றுக்குப் பிறகு
அண்ணன் மட்டும் எண்ணினார்.

இன்று அதே வளைவில் பனிமூட்டம்.
கூடவே மூன்று நாய்கள்.
ஒன்று டயர்மேல் ஏறி உட்கார்ந்து வருகிறது,
யார் யாரை இழுக்க வேண்டும் என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

மேலே சைரன்.

மூன்றும் முகவாயைத் தூக்கி ஊளையிட்டன.
ஊளை கேட்டால் எங்கள் தெருவில் செருப்பைக் கவிழ்த்துப் போடுவார்கள்.
அங்கே, கயிறு பூட்டியதும்
எல்லா நாயும் இப்படித்தான் ஊளையிடுமாம்,
ஓடும் அவசரத்தில்.

டயரைச் சுவரோரம் தள்ளினேன். நாய் இறங்கவில்லை.
வண்டி கடந்தது. பின்கண்ணாடிக்குள் வெளிச்சம்,
பாட்டிலை உயர்த்திப் பிடித்த ஒரு கை.

பத்து. ஒன்பது. எட்டு.
இந்த முறை நான் எண்ணினேன்.

மூன்றில் சத்தம் நின்றது.
கீழே சாலை காலியாக இருந்ததாலா,
அவசரம் தீர்ந்துபோனதாலா,
இங்கிருந்து தெரியாது.

நாயை இறக்கிவிட்டு
டயரை மறுபடி சாலைக்கு இழுத்தேன்.
இன்னும் ஒன்பது வளைவு.