பின்சீட்டில் இருபத்துநாலு பன்

நாலாவது தடவையில் எட்டுப் போட்டுவிட்டாள் பெர்னதெத்.
கால் ஊன்றாமல், கூம்பைத் தட்டாமல்,
முக்கியமாக, கண்ணை மூடிக்கொள்ளாமல்.
அதற்குத்தான் இந்த விருந்து.

மூன்று முறை ஃபெயிலானபோது
கூப்பிடாமலே வந்து ஆறுதல் சொன்னவர்கள்
இன்று கூப்பிட்டதால் வருகிறார்கள்:
அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து ஆறு பேர்,
மாடி வீட்டு ஷபீனா, அவள் தம்பிகள் இருவர்,
மேலாளர் தண்டபாணி. மாடு தின்னாதவர்.

காலையில் ழெரோம் அண்ணன் கடையில் வாங்கினேன்,
ஒன்றோடொன்று ஒட்டிய இருபத்துநாலு பன்.
"பிய்ச்சித் தரவா?" என்றார்.
பிய்க்கக் கூடாது. தந்திரமே அதுதான்.
கூட்டுக் குடும்பத்தைக் கலைக்காமல்
இடுப்பில் கத்தியை நுழைத்து
மேல்பாதியை ஒரே பாயாகத் தூக்க வேண்டும்.

கீழ்ப்பாயைத் தட்டில் விரித்தேன்.
கொத்திய மாட்டுக்கறி ஒரு கிலோ,
வெங்காயம், மிளகு, கொஞ்சம் கடுகு விழுது,
ஷபீனா சொன்னாள் என்று ஒரு சிட்டிகை சோம்பு.
வதக்கி, கொழுப்பை வடித்து
(வடிக்காவிட்டால் பன் அழுதுவிடும்)
விளிம்புவரை பரப்பினேன்.
ஓரத்து நாலு பன்னுக்கு மட்டும்
மஞ்சள் போட்ட உருளைக்கிழங்கு,
அடையாளத்துக்கு ஒரு பல்குச்சி.
மேலே சீஸ், தாள்மேல் தாளாக,
ஓடு வேய்வதைப் போல.
மூடியை மூடி
பூண்டும் எள்ளும் கலந்த வெண்ணெயை
கதவுக்குப் பெயின்ட் அடிக்க வாங்கி
அடிக்காமலே விட்ட பிரஷ்ஷால் பூசினேன்.

ஓவனில் ஏழு நிமிடம் ஆனது.
எட்டாவது நிமிடத்தில் கரண்ட் போனது.

தெரு முழுக்க ஒரு "ஓ".
மணி ஆறே முக்கால். ஏழுக்கு ஆட்கள்.
சீஸ் பாதி உருகி
மீதி யோசித்துக்கொண்டிருந்தது.

"பன் வாங்கின கடைக்கே கொண்டுபோலாம்.
அவரு அடுப்பு விறகுதானே" என்றாள்.
சாவி ஏற்கெனவே அவள் கையில்.

பழைய துண்டு இரண்டை மடித்து மடியில் போட்டு
தட்டோடு பின்னால் உட்கார்ந்தேன்.
பன்னிரண்டு வருடமாக நான் ஓட்ட, அவள் பின்னால்.
அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பது
இன்றுதான் தெரிந்தது.

முத்தியால்பேட்டைச் சந்துகளில்
நாய்க்கு ஒரு வளைவு, பள்ளத்துக்கு ஒரு வளைவு,
இருட்டில் நின்ற தள்ளுவண்டிக்கு ஒன்று.
ஆர்.டி.ஓ. கேட்காத எட்டையெல்லாம் போட்டாள்.
"மெதுவா" என்றேன்.
"சீஸ் ஆறுது" என்றாள்.

மணிக்கூண்டருகே போலீஸ்காரர்.
வேகத்தைக் குறைத்து, அவர் முகத்தைப் பார்த்து
ஏறக்குறைய நின்றேவிட்டாள்.
அவர் தட்டைப் பார்த்தார், மூக்கை உயர்த்தினார்,
போ என்று கை காட்டினார்.
லைசென்ஸைக் கேட்காமல் விட்டாரே என்று
கடை வரும்வரை அவளுக்கு வருத்தம்.

ழெரோம் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார்.
"முப்பது வருஷமா விக்கிறேன்.
போன பன்னு இப்படி உடுத்திக்கிட்டுத்
திரும்பி வந்ததில்ல."
மரத்துடுப்பில் ஏற்றி உள்ளே தள்ளினார்.
அடுப்பின் வாயருகே மூன்று பேரும்
முகம் சிவந்து, வரிசையாக,
போட்டோவுக்கு நிற்பவர்களைப் போல
ஐந்து நிமிடம்.

வெளியே வந்தது பழுத்து, எள் வெடித்து,
ஓரமெல்லாம் வழிந்த சீஸ் கருகிச் சரிகையாகி.
பல்குச்சியைக் காணோம், எரிந்துவிட்டது.
உள்ளே தட்டை எத்தனை முறை திருப்பினார் என்று
அவருக்கே நினைவில்லை.
கூலி என்று மூலையில் ஒன்றைப் பிய்த்து
ஊதி, கடித்து,
"உருளக்கெழங்கு" என்றார்,
இறந்த செய்தி சொல்வதைப் போல.
எந்த ஓரம் என்பது அப்படித்தான் தெரிந்தது.

வீடு திரும்பியும் கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் ஆளாளுக்குப் பிய்த்தார்கள்.
ஒருவர் இழுக்க, அடுத்தவர் பன்னிலிருந்து
சீஸ் நூல் நீண்டு, விட மனமில்லாமல் தொங்கியது.
தண்டபாணிக்கு மூன்றுதான் மிஞ்சின.
மூன்றையும் பேசாமல் தின்றார்.
கடைசி பஸ் போயிருந்தது.

"நான் கொண்டாந்து விடுறேன் சார்"
என்று பெர்னதெத் எழுந்தபோது
வாயைத் துடைத்துக்கொண்டு
ஹெல்மெட் இரண்டு இருக்கிறதா என்று கேட்டார்.