இரவு வேலை, ஜூன் முப்பது

பதினொரு பஸ். விடியிறதுக்குள் முடிக்க வேணும்
என்று சொல்லிவிட்டு டோமெனிக்
ஹீற்றருக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டான்.
அடிலெய்டின் ஆனி மாதக் குளிர்
இரும்பைத் தொட்டால் தோலைக் கேட்கும்.

நாளையிலிருந்து பஸ்ஸின் உடம்பில்
பர்கர் கூடாது, சிப்ஸ் கூடாது,
கோலா கூடாது, ஐஸ்கிரீம் கூடாது.
அரசாங்கத்தின் கடிதம்
தேத்தண்ணி அறையில் ஒட்டியிருக்கிறது,
தின்பண்ட மெஷினுக்கு நேர் மேலே.

உரிக்கிறதுக்குச் சூடு காட்ட வேணும்.
ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்து
மெல்லக் கிளப்பினால்
நாலு மீற்றர் பர்கர் முழுசாய் வரும்.
அவசரப்பட்டால்
எள்ளு எள்ளாய்ப் பிய்யும்.

டெங் சலாது இலையைத் தோளில் போட்டு
மாப்பிள்ளை மாதிரி நடந்து காட்டினான்.
நான் ஒரு சிப்ஸைச் சுருட்டிக் கக்கத்துள் வைத்தேன்.
என் உயரம் இருந்தது.

ஒன்பதாவது பஸ்ஸைத் திருப்பி நிறுத்தியபோது
தெரிந்த முகம்.
பிங்க் ஐசிங், ரெண்டு கண்,
அதில் ஒன்று சிமிட்டல்.
எங்கள் வீட்டு மூலையால்
காலமை ஏழு ஐம்பதுக்குப் போகிறவன்.
ஆரபிக்கு எழுத்து வரமுதல் இவன் வந்துவிட்டான்.
இலக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை.
இது டோனட் பஸ், அது கோழி பஸ்,
மற்றது ஒன்றுமில்லாத பஸ்.
அதில் ஏற மாட்டாள்.

அளவு நாடாவை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன்.
தரையிலிருந்து கண்ணுக்குத்
தொண்ணூற்றெட்டு சென்ரிமீற்றர்.
இத்தனை நாளில் அவன் ஒருக்காலும்
என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை.
எங்கோ ஓர் அறையில்
பென்சிலைக் கடித்தபடி ஆரோ
இந்த உயரத்தை யோசித்திருக்க வேணும்.
அவருக்கும் பிள்ளைகள் இருக்கலாம்.

மாசியில் அவளுக்கு நாலு பால்பல்
ஒரே நாளில், மயக்க மருந்து கொடுத்து.
டொக்டர் சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார்.
காருக்குள் இருந்து நான்தான் அதைக்
குலுக்கிக் குலுக்கிப் பார்த்தேன்.
வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டிருந்தார்.
சோறு, பருப்பு, கீரை என்றேன்.
பொய்யில்லை.
பின்னேரங்களைச் சொல்லவில்லை.
நான் வேலைக்கு வெளிக்கிடவும்
மனிசி வேலையால் வரவும் நடுவில்
அரை மணித்தியாலம் இருக்கிறதே,
அதை அழாமல் கழிக்க
ஆறு டோனட், எட்டு டொலர்.
ரசீதின் பின்பக்கமும் அவன் சிமிட்டினான்.

ஹீட் கன்னை முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன்.
முதலில் சிரிப்புச் சுருங்கியது.
கண் கடைசி வரைக்கும் கிடந்தது.

மூன்று மணிக்குப் பசி வந்துவிட்டது.
கடிதத்துக்குக் கீழே நின்று
மெஷினுக்குள் காசு போட்டேன்.
சொக்லேற் விழுந்த சத்தத்துக்கு
டோமெனிக் கண் திறந்தான்.
எனக்கும் ஒன்று, என்றான்.

ஏழு ஐம்பது.
நித்திரை முறிந்த கண்ணோடு
நானே அவளைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.
வந்தது. வெறும் மஞ்சள்.
வெறும் என்றும் சொல்ல ஏலாது.
ரெண்டு வருச வெயில் சுற்றிவர வெளிறப்பண்ணி,
அவன் ஒட்டியிருந்த வட்டத்தை மட்டும்
புதுசாய் வைத்திருந்தது,
நடுவில் ஓட்டையோடு.

ஆரபி கையை நீட்டினாள்.
பல்லில்லாத இடத்தால் காற்றுப் போக
டோனட் பஸ், என்றாள்.
பேந்து கிட்டப் போய்
வட்டத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

அப்பா, ஆர் திண்டது?

என் நகத்துக்குள் இன்னும் பசை.
டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.