ஏழாவது எபிசோட்

சாட்ஸ்வொர்த்தில் கரண்ட் எட்டு மணிக்குப் போகும்.
அதற்குள் ஒரு எபிசோட் முடிக்க வேண்டுமென்று
பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல்
கிரிஷாந்தி என்னை இழுத்து உட்கார வைப்பாள்.

அந்த ஊரில் வாரம் தவறாமல் பௌர்ணமி.
பாதி வகுப்பு ஓநாய், மீதி பேய்.
கணக்குப் பாடம் மட்டும் யாருக்கும் கிடையாது.
பதினாறு வயதாம்,
அந்தப் பையனுக்கு என் தம்பியைவிட அடர்ந்த தாடி.

ரத்தக்காட்டேரி ஆஸ்பத்திரிக்குள் புகுந்து
ஓ நெகட்டிவ் நான்கு பை தூக்குகிறான்.
ரெஜிஸ்டரில் கையெழுத்து யார் போடுவது?
கேட்டேன். "அம்மா, ப்ளீஸ்" என்றாள்.
ரத்தமும் அந்தச் சிவப்பு இல்லை.
அரை மணியில் கறுக்கும்,
காலுறையில் பட்டால் பழுப்பாகும்.
பதினோரு வருஷமாகத் துவைக்கிறேன்.

ஆனால் நேற்று,
தோழி செத்த பிறகு, அந்தப் பெண்
ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து
சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தாள்.
அழுகை இல்லை, பின்னால் வயலின் இல்லை.
விரலில் ஒட்டிய உப்பை நக்கி நக்கி
பாக்கெட் தீரும்வரை தின்றாள்.
நான் வாயை மூடிக்கொண்டேன்.
ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஒரு தகப்பன்
மகனுடைய ஷூவை மடியில் வைத்தபடி
ஆரஞ்சு உரித்தான், சுளை சுளையாக.
நான்தான் அவனுக்குக் குப்பைக்கூடையை நகர்த்தி வைத்தேன்.
இந்தக் காட்சியை எழுதினவர்
எங்கோ ஒரு நடையில்
இருந்திருக்கிறார்.

இன்று அந்தத் தோழி
உதட்டுச் சாயம் கலையாமல் எழுந்து வந்தாள்.
கிரிஷாந்தி கைதட்டினாள்.
"ஏமாற்று" என்று தொடங்கினேன்,
கரண்ட் போனது.

இருட்டில் தடவி ஷூ மாட்டிக்கொண்டு
நைட் டூட்டிக்குக் கிளம்பும்போது
வாசலில் நின்று சொன்னேன்:
நான் வராமல்
ஒன்பதாவதைப் பார்த்துவிடாதே.