நானூற்று ஐம்பது ரூபாய் மௌனம்

காலை ஐந்தே முக்காலுக்கு
கோத்தகிரி மேட்டில் என் ஆம்னி உயிர் பெறும்போது
பேக்கரி ஹம்சா ஷட்டரைப் பாதி இறக்குவார்.
நீலப் புகை.
'பன்னுல ஏறினா உங்க வீட்டுக்கே அனுப்புவேன்' என்பார்.

தொண்ணூற்றேழு மாடல்.
மீட்டர் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்தில்
நின்றுபோய் நான்கு வருஷம்.
வண்டி நிற்கவில்லை.
நாமக்கல் முட்டையை
அரவேணுவுக்கும் சோலூர்மட்டத்துக்கும்
உடையாமல் சேர்ப்பது என் தொழில்.

என் சீட்டுக்குக் கீழேதான் என்ஜின்.
அதன் சத்தம் காதுக்கு வருமுன்
தொடைக்கு வந்துவிடும்.
ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் குடிக்கும்.
கண்ணாடி பார்ப்பதைவிட
டிப்ஸ்டிக் பார்த்த நாட்கள் அதிகம்.

பார்ட்ஸ் கடை புட்டசாமி ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான்.
படத்தில் ஒரு பிஸ்டன்.
அதற்குக் கிரீடம்.
'பழைய வண்டிக்குன்னே வந்திருக்கு அக்கா,
ஊத்துங்க, சத்தமே இருக்காது.'
நானூற்று ஐம்பது.
பதினைந்து அட்டை முட்டையில்
எனக்கு நிற்கும் காசு.

சீட்டைத் தூக்கி ஊற்றினேன்.
அந்தக் குளிரில்
ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றி, போகும்வரை
இறங்கிக்கொண்டே இருந்தது.
எதற்கும் இருக்கட்டும் என்று
கால் பாட்டில் மிச்சம் வைத்தேன்.

பொய் சொல்ல மாட்டேன்.
டப்பெட் சத்தம் அடங்கிற்று.
புகை பாதியானது.
ஹம்சா ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்தார்.
மூன்று வாரம் நான் ராணி;
கட்டபெட்டு ஏற்றத்தில்
முன்னால் போகும் டெம்போவுக்கு ஹாரன் அடித்தேன்.

அப்புறம் ஜனவரி.
தேயிலை மேல் உறைபனி உப்பாய்ப் படிந்த விடியலில்
ஸ்டார்ட்டர் முனகியது,
கூழில் அகப்பையைச் சுற்றுவதுபோல்.

அந்த வாரம்தான் ஹாலன் வந்தார்,
கேர்பெட்டாவிலிருந்து,
கேரட் ஏற்ற வண்டி வேண்டுமென்று.
சீட்டைத் தூக்கிக் காது வைத்தார்.
'சத்தமே இல்லையே.'
நாற்பத்திரண்டாயிரம் என்றார்.
நான் எதிர்பார்த்தது முப்பத்தைந்து.
'ஆயில் குடிக்குமா?'

மூன்று வாரமாகத்தான் இப்படி, என்றேன்.
ஏன் சொன்னேனோ.
ஏழாயிரம் ரூபாய்
என் வாயிலிருந்து விழுந்து உருண்டது தெரிந்தது.

அவர் டிப்ஸ்டிக்கை உருவி
இரு விரலால் இழுத்துப் பார்த்தார்.
நூல் விட்டது.
'மருந்து' என்று சிரித்தார்.
'எங்க போன ஜீப்பை நாங்களும்
இப்படித்தான் வித்தோம்.'
டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

செலஸ்டின் ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டைக் கழற்றினான்.
ஆறு வால்வு, ஆறு சீல்.
சட்டைப் பட்டன் அளவு ரப்பர்
கொட்டைப்பாக்காய்க் கிடந்தது.
நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலித்தது.
'இந்த மருந்து கொஞ்சம் ஊதவைக்கும் அக்கா.
வெடிச்சதை ஒட்டாது.
ரிங்கு தேஞ்சிருந்தா
பேச்சை மாத்தும், தேய்மானத்தை மாத்தாது.'
அப்போ வேஸ்டா? என்றேன்.
ஸ்பானரைத் துடைத்தபடி யோசித்தான்.
'விக்கறதா இருந்தா வேஸ்ட் இல்ல.'

சீல், கேஸ்கெட், கூலி, புது ஆயில்:
மூவாயிரத்து இருநூறு.
இரண்டு தவணை.

இப்போது முக்கால் லிட்டர் கால் லிட்டராகிவிட்டது.
டப்பெட் திரும்பப் பேசுகிறது,
டிக் டிக் டிக்,
தொடை வழியாக.
ஏற்றத்தில் அது மாறும்போது
நான் கியரை மாற்றுகிறேன்.

மிச்சமிருந்த கால் பாட்டிலை
ஹம்சாவின் ஷட்டர் பள்ளத்தில் ஊற்றினேன்.
கதறிக்கொண்டே ஏறும் தகரம்
மறுநாள் பூனைபோல் ஏறியது.
புட்டசாமி சொன்னது சரிதான்.
சத்தமே இல்லை.