பனிக்காற்றாடி

வீட்டைக் காட்டிய ரோரி டன்ஸ்டன்
சமையலறை ஜன்னலைத் திறந்து
"கேளுங்கள்" என்றான்.
ஒன்றும் கேட்கவில்லை.
"அதேதான்" என்றான்,
நிசப்தமும் விலைக்குள் அடக்கம் என்பதுபோல்.

ஜூன் மாதம் அது.
கவாத்து முடிந்த கொடிகள் கம்பியில் கை விரித்து
மேடு முழுக்க நின்றன.
திராட்சை ஊரில் குளிர்காலத்தில் வீடு வாங்குவது
தூங்கும் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத்
தலையாட்டுவது.
நாங்கள் தலையாட்டினோம்.
சிட்னி அடுக்ககத்தை விற்ற பணம்
வீட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் சரியாகப் போயிற்று.

பத்திரத்தில் ஒரு வரி:
ஆளில்லாமல் ஒப்படைக்கப்படும்.
எலி இல்லை, கரையான் இல்லை என்பதை வாசிப்பதுபோல்
அதையும் வாசித்தேன்.

அக்டோபரில்
இரவு மூன்றேகாலுக்கு
கூரைமேல் ஒரு ஹெலிகாப்டர் இறங்கியது.
வெர்ன் டார்ச்சோடு வெளியே ஓடினார்,
காலுறை மட்டும் மாட்டியபடி.
வானத்தில் நட்சத்திரங்கள் தவிர ஒன்றுமில்லை.
வானம் அவ்வளவு தெளிந்தால் உறைபனி விழும் என்பது
அப்போது எங்களுக்குத் தெரியாது.
வேலிக்கு அப்பால் ஒரு கம்பத்தின் உச்சியில்
காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது,
மேலே மிதந்த வெதுவெதுப்பை இழுத்து இழுத்துத்
தளிர்களுக்குப் போர்த்தியபடி.

ஜனவரியில் பறவை விரட்டும் வெடி,
பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று.
பிப்ரவரியில் விளக்கெரிய, இரவெல்லாம் அறுவடை எந்திரம்.
சனிக்கிழமைகளில் மணப்பெண்ணின் தோழிகள்
சிற்றுந்தில் வந்து இறங்குவார்கள்.
ஒருத்தி எங்கள் ரோஸ்மேரிப் புதரில் வாந்தியெடுத்துவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"இங்கேயே வாழ்கிறீர்களா?
கொடுத்துவைத்தவர்கள்."

செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கடை கிடையாது.
குழாய் பழுதுபார்ப்பவர் ஆறு வாரம் கழித்து வருவார்.
டாக்டர் எழுபது கிலோமீட்டரில்.
ஆட்டுப்பால் சீஸ் மட்டும் பதினோரு வகை.
ரத்தம் உறையாமலிருக்க நான் விழுங்கும் மாத்திரைக்கு
ஒயின் ஆகாது.
இதை இந்த ஊரில் சொன்னால்
துக்கம் விசாரிக்கிறார்கள்.

கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன
ட்ரூடி பெவரிட்ஜ் என்ற பெயருக்கு.
மின்வாரியம். நூலகம்.
பிஸ்கட் என்ற நாய்க்குத் தடுப்பூசி போடச் சொல்லி
கால்நடை மருத்துவமனை, இரண்டு முறை.
எங்களுக்கு விற்றவர் ஒரு பல் மருத்துவர்.
அவர் இங்கே ஒரு இரவும் தங்கியதில்லையாம்.

சுவைக்கூடத்தின் பின்கட்டில்
கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள் ட்ரூடி.
ஒன்பது வருட வாடகைக்காரி.
இப்போது கண்காட்சித் திடலில், கேரவனில்.
ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக் கடிதங்களை வாங்கினாள்.
நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள்
அவள் கேட்டாள்:
"கிழக்கு அறையிலா படுக்கிறீர்கள்?
சலவை அறையை ஒட்டின சின்ன அறைக்கு மாறுங்கள்.
காற்றாடிச் சத்தம்
அங்கே கடல் மாதிரிக் கேட்கும்."

அந்த அறையை நாங்கள்
இணையத்தில் வாடகைக்குப் போட்டிருந்தோம்.
வெள்ளி சனி இரவுகள், இருநூற்று நாற்பது டாலர்,
காலை உணவு தனி.
அதை நான் அவளிடம் சொல்லவில்லை.
அவளுக்குத் தெரிந்திருக்கும்.
விருந்தினர் அறைகளின் படுக்கை விரிப்புகளை
இந்த ஊரில் யாராவதுதானே துவைக்கிறார்கள்.

அடுத்த அக்டோபரில் ஒரு புதன்கிழமை
முன்பதிவு எதுவும் இல்லை.
தலையணையை எடுத்துக்கொண்டு
சின்ன அறைக்குப் போனேன்.
கதவுச் சட்டத்தின் அடியில், முழங்கால் உயரத்தில்,
நாய் பிறாண்டிய தழும்பு,
இரண்டு கோட்டு வெள்ளைப் பூச்சையும் மீறி.

மூன்று மணிக்குத் தொடங்கியது.
கண்ணை மூடிக் கேட்டேன்.
ஹெலிகாப்டர்தான்.
கடலாக
ஒன்பது வருடம் ஆகுமோ என்னவோ.

விடிந்ததும் வேலியோரம் போய்ப் பார்த்தேன்.
புல் வெள்ளையாக நொறுங்கியது காலடியில்.
தளிர்கள் எல்லாம்
பிழைத்திருந்தன.