இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கவுனாஸில் ஜனவரி.
மூன்று மணிக்கே மேசை விளக்கைப் போட்டுவிட்டேன்.
போலந்துக்காரரின் நாவலில்
கடைசி வரி மட்டும் பாக்கி:
'ஸாமெக் திறக்கவில்லை.'

தெரிந்த சொல்தான்.
முதல் அத்தியாயத்தில்
டிராம் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு
ஒரு பையன் குன்றைக் காட்டிக் கத்துவானே,
அங்கே அது கோட்டை.
தொண்ணூறாம் பக்கத்தில் குடித்துவிட்டு வந்தவன்
துவாரம் தேடித் தேடிச் சாவியால்
கதவெல்லாம் கீறும்போது
பூட்டு.
பிறகு யாத்விகா, மழை, தையற்கடை வாசல்:
அவள் கோட்டின் ஜிப்.

மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
நிம்மதியாக இருக்கிறார்கள் அங்கே.
என் லித்துவேனியனில் தனித்தனி.
ஒன்றை எடுத்தால் இரண்டை விட வேண்டும்.

எழுதியவரைக் கேட்கலாமென்றால்
மண்ணுக்குள் போய் ஆறு வருடம்.
லூப்ளினுக்குப் போன் போட்டேன்.
ப்ரொனிஸ்வாவா அம்மாள் எடுத்தார்,
பின்னால் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

"அந்த வரியா?
கோட்டை பார்க்கப் போனோம், திங்கட்கிழமை, விடுமுறை.
திரும்பி வந்தால்
பூட்டில் பனி உறைந்து சாவி சுழலவில்லை.
குளிருகிறதென்று
என் ஜிப்பை ஏற்றிவிடக் குனிந்தார்,
தாடி மாட்டிக்கொண்டது.
அதுவும் திறக்கவில்லை.
என்னவோ சொல்ல வந்தார் அன்றைக்கு."

"அப்படியென்றால் எது?"

"நாற்பது வருடம் நானும் கேட்டேன்.
அவர் வாய்க்கும் ஒரு பூட்டு இருந்தது,
அதையும் சேர்த்துக்கொள்."

பூட்டு என்று எழுதினேன். அடித்தேன்.
கோட்டை என்று எழுதி
யாத்விகாவைக் கோட்டை விட்டேன்.
ஜிப் என்றால் சிரிப்பார்கள்.
கடைசியில் வினையை மட்டும் வைத்தேன்:
'திறக்கவில்லை.'

பதிப்பாசிரியர் வைதோதாஸ்
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்:
எது?

பத்து நாள் கழித்து ஓர் உறை.
'பழைய சாவியை அனுப்பலாமென்று தேடினேன்,
கிடைக்கவில்லை.
அவர் கோட்டுப் பையில் இதுதான் இருந்தது.'

ஜிப்பின் உடைந்த நாக்கு.
பித்தளை, சுண்டுவிரல் நகம் அளவு.
ஒரு பக்கம் பல் பட்ட தடம்;
தாடியை விடுவிக்க
அம்மாள்தான் கடித்திருப்பார்.

வைதோதாஸின் பென்சிலை அழிக்கவில்லை.
அந்த நாக்கை
அவர் கேள்விக்குறியின் மேல் வைத்துப் பார்த்தேன்.
முழுதாக மறையவில்லை,
வளைவு வெளியே தெரிகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்
அச்சகத்துக்கு.