நாற்காலி இல்லாத இடம்

புதன்கிழமை, ஆறாவது பீரியடு, ஒன்பது பி.
போர்ஷன் முடியவில்லை என்று
போன வாரமும் அதற்கு முந்தின வாரமும்
கணக்கு சார் எடுத்துக்கொண்ட வகுப்பு.
இன்று அவருக்குப் பல்வலி.
மணவாளக்குறிச்சி மருந்துக்கடைக்கு நன்றி.

முதல் பத்து நிமிடம் இஷ்டப்படி வரையச் சொன்னேன்.
நாற்பத்தொரு தாளிலும்
இரண்டு மலை, நடுவில் சூரியன்,
ஒரு ஆறு, ஆற்றங்கரையில் ஒரு குடிசை,
பறக்கும் நான்கு டிக் அடையாளங்கள்.
உங்களில் குடிசையில் இருப்பது யார் என்றேன்.
ஒருவரும் இல்லை.
சூரியன் இப்போ எங்கே என்றேன்.
நாற்பத்தொரு தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின.
தென்னைகளுக்கு மேலே, கடல் பக்கமாய்ச் சரிந்து
வெள்ளையாய் நின்றது,
மலை கிலை எதுவும் இல்லாமல்.
"இது அஞ்சாங்கிளாஸ்ல படிச்சதாக்கும் மிஸ்.
கை தானா வரையும்" என்றான் ஸ்டெபின்.

மணலுக்கு எல்லாரும் மஞ்சள் அடித்திருந்தார்கள்.
பெஞ்சுக்கு அடியில்
அவர்கள் கால்கள் கொண்டுவந்து கொட்டிய மணல்
கறுப்பும் கருஞ்சிவப்புமாய்க் கிடந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மணல் ஆலையில் அப்பா வேலைபார்க்கும் விஜிலின் மட்டும்
குனிந்து பார்த்துவிட்டு
மஞ்சள் கிரேயானைப் பெட்டிக்குள் வைத்தாள்.

கணக்கு சாரின் நாற்காலியைத் தூக்கி
மேசைமேல் வைத்தேன்.
ஒரு கை ஒடிந்து கம்பியால் கட்டியது.
இதை வரையாதீங்க என்றேன்.
இது இல்லாத இடத்தை வரைங்க.
சிரிப்பு அடங்க நேரமானது.
"இல்லாதத எப்பிடி மிஸ் வரைய?" — நிஸ்ரா.

கைக்கும் முதுகுக்கும் நடுவில் பார்,
சுவர் ஒரு துண்டு மாட்டிக்கொண்டிருக்கு.
அதுக்கு எத்தனை மூலை?
கால்களுக்கு நடுவே கரும்பலகை.
அது சதுரமா? நல்லா பார். சதுரமில்லை.
கம்பிக்குள்ளே வெளிச்சம்,
பயறுமணி அளவு.

ஒரு ரப்பரைக் கடித்து மூன்றாக்கி
மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள்.
பிறகு சத்தமே இல்லை.
பக்கத்து வகுப்பில் யாரோ
ஆசிட், பேஸ் என்று முழங்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சரியாக வந்தது என்று சொல்லமாட்டேன்.
பெர்ஜின் நாற்காலியையும் வரைந்து
அதில் கணக்கு சாரையும் உட்காரவைத்திருந்தான்.
வீங்கிய கன்னம் அப்படியே இருந்தது.
திட்டியிருக்க வேண்டும்.
கன்னத்தைத் தாண்டி என் கண் போகவில்லை.

விஜிலின் தாளில் ஐந்து கறுப்புத் துண்டுகள்.
ஒன்று நெடுகலாய், ஒன்று கொழுக்கட்டை மடிப்புபோல்,
பால்பாயிண்டால் அழுத்தி அழுத்தி நிரப்பியவை.
கை நீட்டித் தள்ளிப் பிடித்தேன்.
அவள் தொடாத வெள்ளையிலிருந்து
நாற்காலி எழுந்து நின்றது,
ஒடிந்த கை உட்பட.
"ஒரு எடத்துல கிழிஞ்சுபோச்சு மிஸ்."
கிழிசல் வழியே என் பெருவிரல் நகம் தெரிந்தது.
அதற்கு என்ன பாடம் சொல்வது என்று
எனக்குத் தெரியவில்லை.

வீட்டுப்பாடம்: வீட்டில் ஏதாவது ஒரு இடைவெளி.
வெள்ளிக்கிழமை வந்தன.
கொடியில் காயும் இரண்டு சட்டைகளுக்கு நடுவே வானம்.
கடியபட்டணம் கரையில் ஏற்றிவைத்த
இரண்டு வள்ளங்களுக்கு இடையே
கீழே குறுகி மேலே விரியும் கடல்.
பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவிலான இருட்டு;
அங்கேதான் பூனை குட்டிபோட்டதாம்,
குட்டிகளை வரையவில்லை, சரியாகச் செய்தேனா மிஸ்?
ஸ்டெபின் வெற்றுத்தாளை நீட்டினான்.
"வரைஞ்சாச்சு மிஸ். ஒண்ணுமே இல்லாத எடம்."
பத்துக்கு ஐந்து போட்டேன்.
இன்னும் ஒன்று கூட்டியிருக்கலாம்.

மாலை ஆபீஸில்
பகுதிநேர ஆசிரியர் சம்பளப் பதிவேட்டில் கையெழுத்து.
போன வருஷத்துப் பக்கம்தான் முதலில் திறந்தது.
பதினொரு கட்டங்களில் என் பெயர்
அவசரமாய்ச் சாய்ந்து கிடந்தது.
ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே
ஒரு கட்டம் சுத்தமாக இருந்தது.
நல்ல நீள்சதுரம். நான்கு மூலையும் நேர்.
பேனா மூடியை அதன் ஓரமாய்
மெல்ல ஒருமுறை சுற்றி ஓட்டினேன்.
"என்ன மிஸ், அதிலயும் படமா?" என்றார் கிளார்க்.

வெளியே வரும்போது
கணக்கு சார் எதிரே வந்தார்.
பல்லைப் பிடுங்கிவிட்டார்களாம்.
புதன்கிழமை ஆறாவது பீரியடு வேணும் என்று
வாயைப் பாதி திறந்து சொன்னார்.
நான் அந்த இடைவெளியைப் பார்த்தேன்.